குண்டு விழாத வட்டம்

மருதமுத்துவின் வலது கை நடுவிரலில் ஒரு கறுப்பு மோதிரம் இருந்தது. குதிரை லாடத்திலிருந்து வெட்டித் தட்டிச் செய்தது. அந்த வீட்டில் அதை யாரும் இரும்பு என்று சொல்லக் கூடாது. ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

“அவரு இருக்காரா கையில?” என்று கோகிலா அக்கா அடுப்படியிலிருந்து கேட்பார், கணவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது.

“இருக்காரு, இருக்காரு. குளிக்கும்போதும் இருக்காரு, தூங்கும்போதும் இருக்காரு. நம்ம வீட்டுல எனக்கு இல்லாத மரியாதை அவருக்கு.”

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா போங்க.”

கஜா பேராங்கில் அவர்கள் வீட்டுப் பின்னறையில் நான் அப்போது குடியிருந்தேன். எங்கள் தோட்டத்தில் முதல் பட்டதாரி என்று மாலை போட்டு அனுப்பப்பட்டு, மலாக்காவில் ஆசிரியர் வேலைக்கு வந்திருந்த புதிது. அந்த வீட்டில் எனக்கு ‘பி.ஏ. தம்பி’ என்று பெயர். பக்கத்து வீட்டில் சிட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர்கள். சாமி பெயரைத் தமிழில் சொல்லி, மற்றதையெல்லாம் மலாயில் பேசுகிறவர்கள். அவர்கள்கூட மோதிரத்தைப் பார்த்தால் குரலைத் தாழ்த்துவார்கள். கோகிலா அக்கா அவர்களுக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அக்காவுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்கென்று அவருடைய அப்பாவைக் காட்டுக்குள் கூட்டிப் போனார்கள். போனவர் போனவர்தான். அம்மாவும் காய்ச்சலில் போய்விட, தம்பி ஜெயபாலனைத் தூக்கி வளர்த்தது கோகிலா அக்காதான். பிறகு கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு டவுனில் ஆபீஸ் வேலை என்று சொன்னார்கள். வேலை ஆபீஸில்தான், ஆனால் அந்த ஆபீஸ் அவரை மாதம் பாதி காட்டுக்குள் அனுப்பியது. மருதமுத்து நிலம் அளக்கும் கூட்டத்தில் இருந்தார்.

ஜோசியர் ஏழரைச் சனி தொடங்கிவிட்டது என்று சொன்ன அன்றே அக்கா கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் பெசிக்குப் போய், அங்கே கொல்லுப்பட்டறையில் ஒரு பழைய லாடத்தைக் கொடுத்து மோதிரம் அடிக்கச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு, ஜாலான் துக்காங் எமாஸுக்கு நடந்து, பொய்யாத விநாயகர் காலடியில் வைத்து எடுத்து, ஒரு சனிக்கிழமை காலையில் கணவரின் நடுவிரலில் போட்டார். சனி விலகும் வரைக்கும் கழற்றக் கூடாது என்பது ஏற்பாடு. அன்றைக்கு மருதமுத்து சிரித்தாராம். ஆனால் அடுத்த மாதமே சங்கிலி இழுக்கிற வேலையிலிருந்து காம்பஸ் பிடிக்கிற வேலைக்கு உயர்ந்தார். அதன் பிறகு சிரிக்கவில்லை.

காம்பஸ் பிடிக்கிறவருக்குக் கூட்டத்தில் தனி மதிப்பு. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைப் பெட்டி அது; ஒரு பக்கம் கண்ணாடித் துண்டு. அதன் வழியாக எதிரே நிற்கும் மரத்தையோ கம்பையோ பார்த்தால், அது எந்தத் திசையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று எண் தெரியும். பின்னால் வருகிறவர்கள் தூரத்தைச் சங்கிலியால் அளப்பார்கள். திசையும் தூரமும் சேர்ந்தால் காட்டுப் பாதை காகிதத்தில் கோடாகிவிடும். மேலேயிருந்து விமானம் எடுத்த படத்தில் மரத்தலைகள்தான் தெரியும். கீழே பாதை எங்கே, குடிசை எங்கே என்று சொல்ல மருதமுத்துவைப் போன்றவர்கள்தான் வேண்டும்.

காம்பஸ் ஊசிக்குப் பக்கத்தில் இரும்பு வந்தால் ஊசி இழுபடும். இதை மருதமுத்துவைவிடக் கண்டிப்பாகச் சொல்கிறவர் அந்த ஆபீஸில் யாரும் கிடையாது. தினமும் வேலை தொடங்குமுன் எல்லாரையும் வரிசையாக நிறுத்துவார்.

“பெசி?” என்று கத்துவார். மலாயில் இரும்பு.

“தாடா!” என்று எல்லாரும் கத்துவார்கள். இல்லை என்று அர்த்தம்.

பாராங் கத்தி, தகர டப்பா, பெல்ட்டுக் கொக்கி எல்லாம் பத்தடி தள்ளிப் போய்விடும். ஒருமுறை ஒரு மலாய்க்காரருடைய வெற்றிலைப் பெட்டியைக்கூட வாங்கித் தூர வைத்தார். பிறகு தன் வலது கையால் காம்பஸை எடுத்து, பெருவிரலாலும் நடுவிரலாலும் அடியில் தாங்கி, கண்ணருகே கொண்டுபோவார். ஊசிக்கும் ‘அவருக்கும்’ நடுவில் ஒரு பித்தளைத் தகடு.

அவரிடம் யாராவது “அண்ணே, ஒங்ககிட்ட இரும்பு இருக்கா?” என்று கேட்டிருந்தால் மனதார இல்லை என்றிருப்பார்.

---

ஐம்பத்தேழாம் வருஷத் தொடக்கத்தில் அந்தக் கூட்டத்தை லேடாங் மலைக்கு இந்தப் பக்கம் அனுப்பினார்கள். மலாக்காவில் ஊரடங்கெல்லாம் எப்போதோ எடுத்தாகிவிட்டது. ஆனால் மாநில எல்லைக்கு அப்பால் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் இன்னும் அடங்கவில்லை. பீரங்கிப் பட்டாளம் அங்கே வரைபடத்தைப் பார்த்துச் சுடும். ஆளைப் பார்த்துச் சுடுவதில்லை, ஆளே தெரியாது. சாலையோரத்தில் பீரங்கியை நிறுத்தி, படத்தில் ஒரு சதுரத்தைச் சொல்வார்கள், குண்டு அங்கே போய் விழும்.

அந்தக் காட்டுக்குள் அனுமதி வாங்கி மரம் வெட்டுகிறவர்களின் கொங்சி ஒன்று இருந்தது. பலகையும் அத்தாப்பு ஓலையும் போட்ட நீளக் கொட்டகை. அது எங்கே இருக்கிறது என்று அளந்து படத்தில் குறித்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் குண்டு விழாது. வெட்டுகிறவர்களும் வட்டத்தைவிட்டு வெளியே தங்கக் கூடாது. தங்கினால் பிடித்து உள்ளே போடுவார்கள்.

ஜெயபாலன் அந்தக் கொங்சியில்தான் வேலை செய்தான்.

“தெரிஞ்சவங்க கை அளந்தா நல்லதுதான்” என்றார் கோகிலா அக்கா. அவருக்கு அதில் ஒரு நிம்மதி. காட்டுக்குள் போன இரண்டு பேரையும் ஒரே மோதிரம் பார்த்துக்கொள்ளும்.

கொங்சி சாலையோர மைல்கல்லிலிருந்து கிழக்கே இரண்டரை மைல். கைவிட்ட ரப்பர்க் காடு, பிறகு புதர், பிறகு பெருமரம். கொங்சிக்கு அப்பாலுள்ள எல்லைக்கல் வரை போய் அளவைச் சரிபார்ப்பதுதான் முறை. மழை பிடித்துக்கொண்டது, கொங்சியோடு போதும், திரும்பு என்று உத்தரவு வந்தது. அளவு அங்கேயே தொங்கலாக நின்றது. ஆபீஸில் தலைமை எழுத்தர் சாமிநாதன் அந்த எண்களை வாங்கிக் கோடாக்கி, கோட்டின் நுனியில் புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டார். அழகான வட்டம்.

ஆடி மாதத்தில் ஜெயபாலன் வீட்டுக்கு வந்தான். நல்ல உயரம். பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல். அன்றைக்குச் சோற்றில் கை வைத்தபடியே சொன்னான்:

“மச்சான், ஒங்க வட்டத்துக்குள்ள குண்டு விழாதுன்னீங்க.”

“விழாதுடா.”

“அப்ப எங்க கோழிக் கூண்டு தானா பறந்துச்சா?”

மருதமுத்துவின் முகம் மாறியது. “எவ்வளவு தள்ளி விழுந்துச்சு?”

“கூண்டு எவ்வளவு தூரத்துல இருக்குமோ அவ்வளவு. மண்ணு எல்லாம் சோத்துல. ரெண்டு தடவை ஆச்சு மச்சான்.”

“சுடறவன் தப்பாச் சுட்டிருப்பான். என் அளவுல தப்பு இல்ல.”

“நான் ஒங்களைச் சொல்லல. வேடிக்கை என்னன்னா, தெக்கால ஒரு மூங்கில் மேடு இருக்கு. அதுக்கு அப்பால இதுவரைக்கும் ஒரு குண்டு விழுந்ததில்ல. சுத்திச் சுத்தி விழுது, அங்க மட்டும் விழறதில்ல. அங்க எந்தச் சாமி இருக்கோ!”

கோகிலா அக்கா ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். “நீ இங்கயே இருந்துடு” என்றார்.

“இருந்து? கிளேபாங்ல மீன் விக்கவா?” என்று சிரித்துவிட்டுப் போனவன், அடுத்த நாள் காட்டுக்கே திரும்பினான்.

---

ஆகஸ்டு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதமுத்து காம்பஸை வீட்டுக்குக் கொண்டு வந்தார். மழைக் காட்டில் அலைந்ததில் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்து முடித்து, பின்பக்க வேலியோரம் நின்று சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தார். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கினார்.

“அதுல அப்படி என்னதான் தெரியுது? நானும் ஒரு நாள் பாத்ததில்ல.”

“வா, பாரு. கம்மல், வளையல் எல்லாம்...”

“எல்லாம் தங்கம். ஒண்ணு கவரிங்.”

“கவரிங் பரவால்ல. அந்த நெட்டைத் தென்னை தெரியுதா, கிழக்கால? கண்ணாடியில இருக்கிற கோட்டை அதுமேல வச்சு, கீழ தெரியற நம்பரைச் சொல்லு.”

அக்கா ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். “தொண்ணூத்தி ஒண்ணு.”

“தொண்ணூத்தி ஏழு.”

“தொண்ணூத்தி ஒண்ணுங்கிறேன்.”

“தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஏழும் ஒண்ணும் ஒரே மாதிரி எழுதச் சொன்னாங்களா?”

“ஒங்களுக்குத்தான் கண்ணு போச்சு. நாப்பது ஆவுதுல்ல.”

அவர் வாங்கிப் பார்த்தார். தொண்ணூற்றேழு. “பி.ஏ. தம்பி, நீங்க பாருங்க. படிச்ச கண்ணு.” நான் பார்த்தேன். தொண்ணூற்றொன்று. அக்கா கைகொட்டிச் சிரித்தார். மருதமுத்துவும் சிரித்துக்கொண்டே காம்பஸை மறுபடி வாங்கினார். கண்ணருகே கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

காம்பஸை வேலிக் கட்டைமேல் வைத்தார். வலது கையை மெதுவாக அதன் பக்கம் கொண்டுபோனார். உள்ளே எண் எழுதிய தட்டு நகர்ந்தது. கையை எடுத்தார். தட்டு பழைய இடத்துக்கு வந்தது. கையைக் கொண்டுபோனார். நகர்ந்தது.

“பெசி” என்றார், தனக்குள் சொல்வது போல.

“சொல்லாதீங்க” என்றார் அக்கா.

பக்கத்து வீட்டில் அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் கேட்டது. அக்காவுக்குக் காம்பஸைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஜெயபாலன் சொன்ன கோழிக் கூண்டு ஞாபகம் இருந்தது. கையிலிருந்த கீரையைக் கீழே போட்டார்.

“நம்ம தம்பி இருக்கிற இடத்தை அவரு தப்பாக் காட்டிட்டாரா?”

மருதமுத்து காம்பஸை இடது கையில் எடுத்தார். “சரி பண்ணிடலாம்” என்றார்.

மோதிரத்தைக் கழற்றும் பேச்சு எழவில்லை. எழ வேண்டிய அவசியமும் அன்றைக்கு இல்லை. ஒவ்வொரு திசையிலும் ஒரு மரத்தையோ கூரையையோ வைத்துக்கொண்டு, முதலில் அவர் பார்ப்பார், அடுத்து அக்கா பார்ப்பார். மோதிரக் கை சொல்வது ஒன்று, வெறுங்கை சொல்வது ஒன்று. நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன். வடக்கே பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே எண். கிழக்கே திரும்பத் திரும்ப இடைவெளி வளர்ந்து, நேர்கிழக்கில் ஆறு டிகிரி ஆனது. ஆபீஸ் வாசலில் தினமும் சரிபார்ப்பது வடக்கே இருந்த தண்ணீர்த் தொட்டியை வைத்து. அதனால்தான் இத்தனை நாளும் யாருக்கும் தெரியவில்லை. ஆறு டிகிரி கையளவு தூரத்தில் ஒன்றுமில்லை. இரண்டரை மைல் நடந்தால் கால் மைல் தள்ளிப் போய்விடும். படத்தில் கொங்சி இருந்தது தெற்கே, மூங்கில் மேட்டுக்கு அப்பால். வட்டம் காத்தது வெறும் காட்டை.

“அந்தச் சாமி நாம போட்ட சாமிதான்” என்றார் மருதமுத்து.

மறுநாள் சாமிநாதன் அவரை மேலும் கீழும் பார்த்தாராம். “மோதிரமா? சனியா? இதை நான் துரைகிட்ட எந்த இங்கிலீஷ்ல சொல்றது?” கடைசியில் ‘கருவிக் கோளாறு’ என்று எழுதி, ஒவ்வொரு திசைக்கும் ஆன வித்தியாசத்தைக் கழித்துக் கோட்டைத் திரும்பப் போட்டார். புள்ளி வடக்கே நகர்ந்தது. வட்டமும் அதோடு நகர்ந்தது. புதுப் படம் ஆகஸ்டுக் கடைசி வாரம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. சுதந்திரக் கொண்டாட்ட நாட்களில் சுடுவதில்லை, அது முடிந்து திங்கட்கிழமை காலையிலிருந்து அதை வைத்துத்தான் சுடுவார்கள் என்று சொன்னார்கள்.

மருதமுத்து அன்றைக்கு லட்டு வாங்கி வந்தார். அக்கா ஒன்றை மோதிர விரலுக்கு நேரே நீட்டி, “அவருக்கு” என்றார். பல நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

---

வெள்ளிக்கிழமை மாலை, காட்டு மரம் ஏற்றும் பாலாக் லாரி ஓட்டுகிற சேதுபதி வந்தார். மறுநாள் ஊர்வலத்துக்காக லாரி முழுக்கக் கொடி கட்டியிருந்தார். ஜெயபாலனிடமிருந்து சேதி.

“அக்கா, ஒங்க தம்பி சொல்லச் சொன்னான். ‘அக்கா பயப்பட வேணாம். நாங்க இப்ப சாமி இருக்கிற இடத்துக்குப் போயிட்டோம்’னான்.”

“எந்த இடம்?”

“மூங்கில் மேட்டுக்கு அப்பாலயாம். கொங்சிகிட்ட திரும்பவும் விழுந்துச்சு, கறி சமைக்கிற சட்டி ஓட்டை. எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க. வெளிய தெரிஞ்சா பிடிச்சுடுவான்னு வழியையெல்லாம் மறைச்சுட்டாங்க. எனக்கே எங்கன்னு தெரியாது. காட்டு வாசல்ல வந்துதான் மரத்தை ஏத்திவிடறான்.”

அக்கா மருதமுத்துவைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

புதுப் படத்தில் மூங்கில் மேட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை. வெறும் சதுரம்.

அன்றே மருதமுத்து கிளேபாங்கில் இருந்த சாமிநாதன் வீட்டுக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். சாமிநாதன் கால்சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார், விழாவுக்கு.

“போன வாரம் தப்புன்னு வந்தே. இப்ப அந்தத் தப்புதான் சரிங்கிற.”

“அண்ணே, ஆளுங்க அங்க போயிட்டாங்க.”

“அனுமதி இல்லாம போனாங்கன்னு நான் எழுதிக் குடுத்தா எல்லாத்தையும் கம்பிக்குள்ள போட்டுருவான், தெரியும்ல? சரி, எழுதறேன்னே வச்சுக்க. யாருகிட்டக் குடுக்கிறது? துரை கோலாலம்பூர் போயாச்சு, கொடி ஏத்தறதைப் பாக்க. ஆபீஸ் திங்கக்கிழமைதான் திறக்கும்.”

“அவங்களும் திங்கக்கிழமைதான் சுடுவாங்க.”

சாமிநாதன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “நீயே போய் வெளிய கொண்டுவா, மருதமுத்து. வேற வழி எனக்குத் தெரியல.”

வழி என்பதுதான் பிரச்சினை. காட்டு வாசலில் காவல். விடுமுறை நாளில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். வேறு பக்கமாக நுழைந்தால் மறைத்த பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்கு வரும் வழியில் தெருவில் பிள்ளைகள் காகிதக் கொடியோடு ஓடினார்கள். வாசலில் காலை வைக்கும்போது மருதமுத்து சொன்னார்:

“தம்பி, வழி எனக்கு மனப்பாடம். அன்னைக்குக் கூப்பிட்ட நம்பர் எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு. மைல்கல்லுலேர்ந்து அதே நம்பரை வெறுங்கையால பிடிச்சு நடந்தா, கொங்சிக்குப் போகமாட்டேன். தப்பா வச்ச புள்ளிக்கு நேரா போய்ச் சேருவேன். அவன் அங்கதான் இருக்கான்.”

வெறுங்கையால் என்று அவர் சொன்னதை அக்கா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

---

மறுநாள் சனிக்கிழமை. ரேடியோவில் கோலாலம்பூரிலிருந்து கூட்டத்தின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அக்கா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தையும் நூல்கண்டையும் எடுத்து வந்து கணவரின் முன்னால் உட்கார்ந்தார். விரல் தடித்து, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. நூலின் ஒரு நுனியை மோதிரத்தின் அடியில் நுழைத்து, மீதியை விரலில் நெருக்கமாகச் சுற்றினார்.

“நீ வேணாம். பி.ஏ. தம்பி கழட்டட்டும்” என்றார் மருதமுத்து.

“நான் போட்டது. நான்தான் கழட்டணும்.”

நூலைப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் நகர்ந்தது. கணுவில் சிக்கியது. மருதமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார். அக்கா குனிந்தபடியே, யாரிடம் என்று தெரியாமல், “நான் அவரைக் கழட்டல. இரும்பைத்தான் கழட்டறேன்” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரேடியோவில் விடுதலை முழக்கமாக “மெர்டேக்கா!” என்று ஒரு குரல் கூவ, கூட்டம் திருப்பிக் கூவியது. மோதிரம் கழன்று எண்ணெய்க் கிண்ணத்துக்குள் விழுந்தது.

கொடி கட்டிய லாரி அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஊர்வலத்துக்குப் போகாமல் இந்தப் பக்கம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய்கள்கூட லாரியைப் பார்த்து “மெர்டேக்கா!” என்று கையசைத்தார்களாம். சேதுபதியும் சிரித்துக் கையசைத்துவிட்டு, மைல்கல்லில் அவரை இறக்கினார். “நாளைக்கு மத்தியானம் இங்கயே நிப்பேன், அண்ணே. நீங்க வாங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

வீட்டில் நானும் அக்காவும் இருந்தோம். அன்றைக்கு அவர் அடுப்பே மூட்டவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாள் விசேஷத்துக்கு உடுத்தும் கெபாயா சட்டை போட்டுக்கொண்டு வேலிக்கு வந்து, “மாரி, கோகிலா! தெங்கோ லாம்பு!” என்று கூப்பிட்டார். தெருவெல்லாம் விளக்குப் போட்டிருக்கிறார்கள், வா பார்க்கலாம் என்று. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டவர் கிண்ணத்தைக் கவனித்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

“எங்கப்பா போன அன்னைக்கும் பாண்டு வாசிச்சாங்க, தம்பி” என்றார் அக்கா. “ரயிலடியில. ஜப்பான்காரன் பாண்டு.”

---

காட்டுக்குள் நடந்ததை மருதமுத்து பிறகு சொன்னார்.

முதல் கொஞ்ச தூரம் பழைய பாதையும் காம்பஸும் ஒத்துப்போயின. பிறகு காம்பஸ் பாதையைவிட்டு வலப்பக்கம் இழுத்தது. பழைய ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஆள் போகாத புதருக்குள், அவர் எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார். தான் ஒருநாளும் போகாத இடத்துக்குத் தன் வாயாலேயே வழி கேட்டுப் போவது போல இருந்ததாம். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. குண்டு விழுந்த குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது. ஒரு கட்டத்துக்கு மேல் குழிகள் நின்றுவிட்டன. அப்போது தெரிந்துகொண்டார், தான் போட்ட வட்டத்துக்குள் வந்தாயிற்று.

மூங்கில் மேட்டைச் சுற்றிக்கொண்டு இறங்கியதும் புகை வாசனை. ஜெயபாலனும் மற்றவர்களும் புதுக் கொட்டகை போட்டு, வாசலில் ஒரு காகிதக் கொடியும் குத்தி வைத்திருந்தார்கள்.

“மச்சான்! மெர்டேக்கா!” என்று ஓடி வந்தான் ஜெயபாலன். “எப்படி வந்தீங்க? வழி யாரு சொன்னது?”

“எடுங்கடா எல்லாத்தையும். பழைய கொங்சிக்குப் போகணும். வட்டம் இப்ப அங்க.”

யாரும் அசையவில்லை. கூட்டத்தில் வயதான ஒருவர் எழுந்து, “அங்கதான்யா விழுது. அங்கயா போகச் சொல்ற? இந்த வருஷத் தொடக்கத்துலயும் இப்படித்தான் சொன்னே. ஒன் படத்தை நம்பி ஒரு தடவை ஒக்காந்தது போதும்” என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மருதமுத்து டிகிரி, கால் மைல் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இறுகியது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

ஜெயபாலன் மட்டும் அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவிரலில், மற்ற இடமெல்லாம் கறுத்திருக்க, ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது.

“எங்க அது?”

“வீட்டுல.”

“அக்கா கழட்ட விட்டுச்சா?”

“அதுதான் கழட்டுச்சு. ஒனக்காக.”

ஜெயபாலன் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தான். பிறகு திரும்பி, “மூட்டையைக் கட்டுங்க” என்றான். கிண்டல் இல்லாமல் அவன் பேசியதை அவர்கள் கேட்டதில்லை போலும், கிழவர்கூட எழுந்தார்.

அவர்கள் மூட்டை கட்டும்போது மருதமுத்து கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தார். மூங்கில் புதருக்கு அப்பால் ஓர் அடுப்பு இருந்தது. கல் மூன்று, நடுவே சாம்பல். கையை வைத்துப் பார்த்தார், சூடு. அதற்கு அப்பால் இன்னொன்று. ஒரு கொடியில் சின்னச் சட்டை காய்ந்தது. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆகும்.

“யாருடா இங்க?”

ஜெயபாலன் குரலைத் தாழ்த்தினான். “தெரியாது மச்சான். நாங்க வரதுக்கு முன்னாலயே இருக்காங்க. இருமல் சத்தம் கேக்கும். நாங்க அந்தப் பக்கம் போறதில்ல, அவங்க இந்தப் பக்கம் வரதில்ல. குண்டு விழாத இடம்னு நமக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சீங்களா?”

மருதமுத்து புதரைப் பார்த்துக் கத்தினார். திங்கட்கிழமை குண்டு விழும், போய்விடுங்கள் என்று தமிழில் கத்தினார். ஓடு, போய்விடு என்று “லாரி! பெர்கி!” என மலாயில் கத்தினார். அவருக்குத் தெரிந்த ஒன்றிரண்டு சீன வார்த்தைகளையும் சொன்னார். மூங்கில் உரசியது. ஒருவரும் வரவில்லை. யார் என்று தெரியாத ஒருவன் காட்டில் நின்று கத்தினால் யார்தான் வருவார்கள்? இருட்டுவதற்குள் மற்றவர்களைப் பழைய கொங்சியில் சேர்க்க வேண்டியிருந்தது. வரும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சட்டை கொடியில் இல்லை.

---

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டுக்கு வந்தார். அக்கா ஓடிவந்து தம்பி எப்படி என்று கேட்கவில்லை. கணவரின் கை, கால், முகம் என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் அழுதார். திங்கட்கிழமை காலை, இங்கிருந்து கேட்க முடியாத தூரம்தான், ஆனாலும் அக்கா சத்தம் கேட்டதாகச் சொன்னார். மருதமுத்து மறுக்கவில்லை.

கொங்சியில் அதற்குப் பிறகு குண்டு விழவில்லை. புது வட்டம் சரியான இடத்தில் இருந்தது.

மோதிரத்தை அவர் திரும்பப் போடவில்லை, அக்காவும் வற்புறுத்தவில்லை. காம்பஸையும் அவர் திரும்பத் தொடவில்லை. ஆயர் குரோ பக்கம் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். வீடு வீடாகப் போய் எண்களைப் பார்த்து எழுதுவது. அந்த எண்களை வைத்து யாரும் யாரையும் சுட மாட்டார்கள் என்று ஒருமுறை சொன்னார். மற்றபடி அதைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் எப்போதாவது, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து என் அறை வாசலில் நிற்பார்.

“பி.ஏ. தம்பி, அந்தச் சட்டை காஞ்ச இடம் புது வட்டத்துக்கு உள்ளயா, வெளியயா? கொஞ்சம் போட்டுப் பாருங்க.”

அவருக்கே தெரிந்த கணக்கு அது. ஆனாலும் கேட்பார்.

தீபாவளிக்கு ஜெயபாலன் வந்திருந்தான். முறுக்கைக் கடித்துக்கொண்டு, கொங்சிக் கதை, கிழவர் கதை எல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தான். நடுவில் ஏதோ ஞாபகம் வந்தவனைப் போல நிறுத்தினான்.

“மச்சான், இப்ப அந்தப் பக்கம் யாரும் இருமறதில்ல.”

“போயிருப்பாங்க” என்றார் மருதமுத்து. “நான்தான் கத்தினேனே. சட்டையை எடுத்துட்டாங்கல்ல. போயிருப்பாங்க.”

ஜெயபாலன் இன்னொரு முறுக்கை எடுத்தான். கோகிலா அக்கா கணவரின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நடுவிரலில் அந்த வெள்ளை வளையம் இன்னும் முழுதாக மறையவில்லை. அவர் அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.